ஆந்தை பொம்மைக்கு வரும் காகங்கள்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் பறவைகளின் குரல்களைப் பற்றி எழுதியபோது, அமெரிக்காவில் பதிவு செய்த காகக் குரலை ஒலிக்கவிட்டுக் காகங்களை வரவழைத்துச் சுடுகிறார்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி குறிப்பிட்டிருந்தோம். கட்டுரையை விட்டுவிட்டு அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு ஏராளமான கடிதங்கள் வந்துவிட்டன. ஆகவே இம்மாதப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

என் மகன் பென்சில்வேனியாவில் வேலை பார்க்கிறான். அவனுடைய பக்கத்து வீட்டுக்காரர் ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலையில் ஒலிபெருக்கி ஒன்றையும், பிளாஸ்டிக் ஆந்தை ஒன்றையும், கை நிறையக் கறுப்புப் பொம்மைகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு காகம் சுடப் போனாராம். அந்நாட்டுச் சட்டம் இதை அனுமதிக்கிறதா? வாரத்தில் சில நாட்கள் மட்டுமே போகலாம் என்று அவர் சொன்னதாக மகன் சொல்கிறான். அதென்ன கணக்கு?
— ப. ச., தஞ்சாவூர்

அனுமதிக்கிறது, ஐயா. ஆனால் நினைத்தவர் நினைத்தபோது சுட்டுவிட முடியாது. அமெரிக்காவில் 1918-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டத்தின்கீழ்ப் பெரும்பாலான பறவைகள் பாதுகாக்கப்பட்டிருந்தும், காகம் நெடுங்காலம் அந்தப் பட்டியலுக்கு வெளியில்தான் இருந்தது. யாரும் எப்போதும் எத்தனை வேண்டுமானாலும் கொல்லலாம் என்பதே நிலைமை. 1972-இல் மெக்சிகோவுடனான ஒப்பந்தம் திருத்தப்பட்டபோது கழுகு, பருந்து, ஆந்தை ஆகியவற்றின் குடும்பங்களோடு காகக் குடும்பமும் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதன் பிறகுதான் காக வேட்டைக்குப் பருவமும் விதியும் வந்தன.

நடுவண் அரசின் விதி மிகச் சுருக்கமானது. ஓராண்டில் 124 நாட்களுக்கு மேல் காக வேட்டை கூடாது. காகங்கள் பெருமளவில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் காலத்தில் கூடாது. விமானத்திலிருந்து சுடக் கூடாது. துப்பாக்கி, வில்லம்பு, பழக்கிய வேட்டைப் பறவை ஆகியவற்றைத் தவிர வேறு எதையும் கொல்லும் கருவியாகப் பயன்படுத்தக் கூடாது. ஹவாய்த் தீவுகளில் காக வேட்டைக்கே இடமில்லை. அங்குள்ள தனி இனக் காகம் 2002-க்குப் பிறகு காட்டில் காணப்படாமல், கூண்டு வளர்ப்பில் மட்டுமே எஞ்சியது.

மகன் சொன்ன நாள் கணக்கு அந்த 124 என்ற எண்ணிலிருந்துதான் வருகிறது. 124 நாட்களைத் தொடர்ச்சியாக வைத்தால் பருவம் நான்கு மாதத்தில் முடிந்துவிடும். வார இறுதியில் மட்டும் என்று வைத்தால், வேலைக்குப் போகிறவர்களுக்கு ஆண்டின் பெரும்பகுதி கிடைக்கும். ஆகவே பென்சில்வேனியா வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாட்களையும், அண்டை மாநிலமான நியூயார்க் திங்களையும் சேர்த்து நான்கு நாட்களையும் வைத்துக்கொண்டு பருவத்தை நீட்டியிருக்கின்றன. பென்சில்வேனியாவில் ஞாயிற்றுக்கிழமை வேட்டைக்கு நெடுங்காலம் தடை இருந்தபோதும் நரி, கொயோட் என்னும் ஓநாய்ச் சாதி, காகம் ஆகிய மூன்றுக்கு மட்டும் விலக்கு இருந்தது. ஓய்வு நாளின் புனிதம் மானுக்கும் வான்கோழிக்கும் பொருந்தியது, காகத்துக்குப் பொருந்தவில்லை போலும்.

அந்த ஒலிக்கருவியில் என்னதான் இருக்கிறது? காகம் 'கா' என்று கத்துவதைப் பதிவு செய்து போட்டால் மற்றக் காகங்கள் வந்துவிடுமா?
— சு. மா., கோயம்புத்தூர்

வெறும் 'கா' போதாது. சொல்லப் போனால், தவறான 'கா' இருக்கும் காகங்களையும் ஓட்டிவிடும்.

இந்த வேட்டையில் முதலில் இருந்தது வாயால் ஊதும் குழல். இல்லினாய் மாநிலத்தின் பீக்கின் என்னும் ஊரில் இயங்கிய ஓல்ட் நிறுவனம் செய்த கறுப்புக் குழலைத் தாத்தாவிடமிருந்து பெற்றுப் பேரன் ஊதும் குடும்பங்கள் அங்கே உண்டு. பிறகு இசைத்தட்டு வந்தது, ஒலிநாடா வந்தது. இப்போது இருப்பது, பல நூறு ஒலிகளை நினைவகத்தில் வைத்திருக்கும், பேட்டரியில் ஓடும் ஒலிபெருக்கி. இதைக் கையடக்கத் தொலையியக்கியால் தூரத்தில் மறைந்திருந்தபடியே இயக்கலாம். பென்சில்வேனியாவின் லூயிஸ்டவுனில் உள்ள ஃபாக்ஸ்ப்ரோ நிறுவனத்தின் கருவிகள் வேட்டைக்காரரிடையே பெயர் பெற்றவை.

தூரம் என்பது இங்கே முக்கியம். குழலை ஊதுகிறவர் தன் இருப்பிடத்தைத் தானே காட்டிக்கொடுக்கிறார். காகம் ஒலி வந்த புதரைத்தான் உற்றுப் பார்க்கும். ஒலிபெருக்கியைத் தள்ளி வைத்துவிட்டால் காகத்தின் பார்வை அங்கே போகும், துப்பாக்கி இங்கே இருக்கும்.

இருக்கும் ஒலிகளில் உணவைக் கண்ட மகிழ்ச்சிக் குரல், கூட்டத்தைச் சேர்க்கும் குரல், குஞ்சின் குரல் என்று பல உண்டு. ஆனாலும் அனுபவசாலிகள் முதலில் போடுவது சண்டை ஒலியைத்தான். காகங்கள் ஓர் ஆந்தையையோ பருந்தையோ சுற்றி வளைத்துக்கொண்டு கரைகிற ஆரவாரம் அது. அடுத்தடுத்து, மூச்சு விடாமல், ஒன்றின் குரல்மீது இன்னொன்றின் குரல் ஏறி விழும் இரைச்சல். இதைக் கேட்டவுடன் அரை மைலுக்கு அப்பால் வயலில் மேய்ந்துகொண்டிருக்கும் கூட்டம் எழும்பி நேராக வரும். முதல் வெடிக்குப் பிறகு கூட்டம் சிதறும்போது, தேர்ந்தவர்கள் சண்டை ஒலியை நிறுத்திவிட்டு அபயக் குரலுக்கு மாற்றுவார்கள். பிடிபட்ட அல்லது சாகக் கிடக்கும் காகம் எழுப்பும் இழுத்த, கரகரத்த ஓலம் அது. ஓடத் தொடங்கிய பறவைகளில் சில திரும்பி வரும்.

இந்த இடத்தில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். தூண்டிலில் புழுவை மாட்டுகிறவன் மீனின் பசியைப் பயன்படுத்துகிறான். ஆண் மானை வரவழைக்கக் கொம்போடு கொம்பு உரசும் ஒலி எழுப்புகிறவன் அதன் காமத்தையும் போட்டியையும் பயன்படுத்துகிறான். காக வேட்டைக்காரன் பயன்படுத்துவது, தன் இனத்தில் ஒன்றுக்கு ஆபத்து என்றவுடன் உதவிக்கு ஓடி வரும் குணத்தை. இதைச் சட்டம் குற்றமாகக் கருதவில்லை, நானும் குற்றம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் இதன் இயக்கம் இதுதான் என்பதைத் தெரிந்துகொண்டுதான் மேற்கொண்டு பேச வேண்டும்.

ஆந்தை பொம்மை எதற்கு? காகத்தைச் சுடுவதற்குக் காகப் பொம்மை போதாதா?
— ஜெ. கி., நாகர்கோவில்

பகலில் காகம் கூகையை வெல்லும் என்பது நம்மவர்களுக்கு இரண்டாயிரம் ஆண்டுப் பழைய செய்தி. இரவில் நடப்பதுதான் இதற்கு விளக்கம். வட அமெரிக்காவில் கிரேட் ஹார்ன்ட் எனப்படும் கொம்பன் ஆந்தை, இருட்டியபின் காகங்கள் அடைந்திருக்கும் மரங்களுக்குள் ஓசையில்லாமல் நுழைந்து பெரிய காகங்களையே தூக்கிச் செல்லும். கூட்டிலிருக்கும் குஞ்சுகளையும் விடாது. இருட்டில் காகத்துக்குப் பார்வை போதாது, எதிர்த்து நிற்க வழியில்லை. ஆகவே பகலில் ஆந்தை ஒன்று மரக்கிளையில் தூங்கிக்கொண்டிருப்பதை ஒரு காகம் கண்டுவிட்டால் போதும், அக்கம்பக்கத்துக் காகங்கள் எல்லாம் திரண்டு வந்து சூழ்ந்துகொண்டு, கத்திக் கத்தி அது அந்த வட்டாரத்தையே விட்டு ஓடும்வரை விடுவதில்லை. நம் ஊர்த் தென்னந்தோப்பில் ஆந்தையையோ வைரியையோ காகங்கள் விரட்டுவதை எல்லோரும் பார்த்திருப்போம்.

ஒலிபெருக்கி சண்டையைச் சொல்கிறது. வந்து பார்க்கும் காகத்துக்குச் சண்டை கண்ணுக்கும் தெரிய வேண்டும். ஆகவே ஆந்தை பொம்மையை வேலிக் கம்பத்தின் உச்சியிலோ நீண்ட கழியிலோ, நாலா பக்கமும் தெரியும்படி நிறுத்துவார்கள். அதைச் சுற்றியிருக்கும் மரங்களின் மேற்கிளைகளில் காகப் பொம்மைகளைக் கயிறு எறிந்தோ நீட்டுக் கழியால் தூக்கியோ மாட்டுவார்கள். இரண்டு மூன்றைத் தரையிலும் வைப்பார்கள். வெறும் பிளாஸ்டிக் வெயிலில் பளபளக்கும். அந்தப் பளபளப்பைத் தூரத்திலேயே கண்டு காகம் திரும்பிவிடும் என்பதால், மேலே நுண்ணிய பஞ்சுத்தூளை ஒட்டி மங்கலாக்கிய பொம்மைகளுக்குத்தான் மதிப்பு. சிறகடிக்கும் மோட்டார் பொருத்திய பொம்மைகளும் கடைகளில் உண்டு.

இவ்வளவையும்விட மறைவுதான் வேட்டையைத் தீர்மானிக்கிறது என்று அனுபவசாலிகள் அடித்துச் சொல்வார்கள். உடம்பு முழுவதும் இலைக்கோலம் அச்சிட்ட உடை, கையுறை, முகத்துக்கு வலைத்துணி ஆகியவை இல்லாமல் போகிறவர், அண்ணாந்து பார்க்கும் அந்தக் கணத்தில் தன் முகம் வெள்ளைத் தட்டுபோல் மேலே தெரியும் என்பதை முதல் நாளிலேயே கற்றுக்கொள்வார். நிழலில், காற்றும் சூரியனும் முதுகுப் பக்கம் இருக்கும்படி உட்காருவது வழக்கம். காற்றை எதிர்த்துப் பறந்து வரும் காகம் மெதுவாக வரும், வெயில் அதன் கண்ணில் விழும். இடத்தைத் தேர்ந்தெடுப்பது அதற்கும் முந்திய வேலை. இரவு அடையும் மரங்களுக்கும் பகலில் மேயும் வயல்களுக்கும் இடையே காகங்கள் தினமும் போகும் வழி ஒன்று இருக்கும். முந்தைய நாட்களில் அதைப் பார்த்து வைத்துக்கொண்டு, அந்த வழியின் ஓரத்தில்தான் கடை விரிப்பார்கள்.

சுடுவது பெரும்பாலும் ரவைத் துப்பாக்கியால். ஒரே குண்டாக இல்லாமல் சிறு ரவைகளாகச் சிதறுவதால், பறக்கும் பறவையை அடிக்க அதுவே ஏற்றது.

காகம் மிகவும் புத்திசாலி என்று நீங்களே பலமுறை எழுதியிருக்கிறீர்கள். அப்படிப்பட்ட பறவை பிளாஸ்டிக் ஆந்தையிடம் ஏமாறுகிறது என்றால் அந்தப் புத்திக்கு என்ன பொருள்?
— அ. தெ., திருநெல்வேலி

ஒருமுறை ஏமாறுகிறது. இரண்டாம் முறைதான் சிக்கல், அதுவும் வேட்டைக்காரருக்கு.

சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜான் மார்ஸ்லஃப் 2006-இல் தொடங்கிய ஆய்வு இதற்கு நல்ல சான்று. அவரும் மாணவர்களும் குகை மனிதன் முகமூடி அணிந்துகொண்டு வளாகத்தில் ஏழு காகங்களைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி விடுவித்தார்கள். அதன்பின் அதே முகமூடியோடு யார் நடந்தாலும் காகங்கள் பின்தொடர்ந்து வசைபாடின. அன்றைய துணை அதிபர் டிக் செனியின் முகமூடியோடு போனவர்களை அவை பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல வசைபாடும் காகங்களின் எண்ணிக்கை குறைவதற்குப் பதிலாகக் கூடியது. பிடிபடாத காகங்களும், அந்தச் சம்பவத்துக்குப் பின் பிறந்த குஞ்சுகளும்கூட இந்த முகம் ஆகாது என்று மற்றவற்றைப் பார்த்தே கற்றுக்கொண்டன.

அதே பல்கலைக்கழகத்தில் கெய்லி ஸ்விஃப்ட், செத்த காகத்தைக் கையில் ஏந்திய முகமூடி ஆளைக் காகங்களுக்குக் காட்டிப் பார்த்தார். காகங்கள் கூடிக் கத்தின. அந்த இடத்துக்கு வந்து தீனி எடுக்கத் தயங்கின. அந்த முகத்தை வாரக்கணக்கில் மறக்கவில்லை. வற்றலும் வடகமும் காயும் இடத்தில் செத்த காகம் ஒன்றைக் கம்பில் கட்டித் தொங்கவிடுகிற நம் ஊர் வழக்கம் இந்த அறிவின் பயன்பாடுதான். ஸ்விஃப்டின் ஆய்வுக்கட்டுரை வெளிவந்தது 2015-இல்.

வேட்டைக்காரர்களின் அனுபவமும் இதையே சொல்கிறது. ஒரே இடத்தில் அடுத்தடுத்த வாரங்களில் அதே ஒலியைப் போட்டால், காகங்கள் துப்பாக்கி எட்டாத உயரத்தில் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விடும். சில இடங்களில் அந்தச் சண்டை ஒலி கேட்டவுடனே எதிர்த்திசையில் பறக்கும். ஆகவேதான் ஓரிடத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் உட்காராமல் கருவிகளைச் சுருட்டிக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போவதும், பருவத்துக்கு ஒருமுறைக்கு மேல் ஓர் இடத்தைத் தொடாமல் விடுவதும் வழக்கமாயின. முதலில் தனியாக வரும் காகத்தை ஒற்றன் என்று கருதி, அதைத் தப்பவிட்டால் மொத்தக் கூட்டமும் போய்விடும் என்று நம்புகிற வேட்டைக்காரர் உண்டு. அதை ஒற்றன் என்பதைவிட, ஆபத்துக் குரல் கேட்டு எல்லோருக்கும் முன்னால் ஓடி வந்த காகம் என்பது பொருத்தமாக இருக்கும்.

அதிகம் ஏமாறுபவை இளம் பறவைகளும், கனடாப் பக்கமிருந்து குளிர்காலத்தில் தெற்கே இறங்கி வரும் பறவைகளும்தான். அந்த வட்டாரத்துத் துப்பாக்கிகளின் வரலாறு அவற்றுக்குத் தெரியாது. நியூயார்க் மாநிலத்தின் இத்தாக்காவில் 1980களின் கடைசியிலிருந்து காகங்களுக்கு அடையாள வளையம் மாட்டி ஆராயும் கார்னெல் பல்கலைக்கழகத்தின் கெவின் மெக்கோவன், அமெரிக்கக் காகங்கள் குடும்பமாக வாழ்பவை என்றும், முந்தைய ஆண்டுகளின் பிள்ளைகள் பெற்றோருடனேயே தங்கித் தம்பி தங்கைகளை வளர்க்க உதவுகின்றன என்றும் பதிவு செய்திருக்கிறார். ஓர் அபயக் குரலுக்கு ஐந்தாறு காகங்கள் ஒன்றாக வந்தால் அவை ஒரே குடும்பமாக இருக்கக் கூடும்.

எனவே பிளாஸ்டிக் ஆந்தையிடம் ஏமாறுவது புத்திக் குறைவு என்று நான் நினைக்கவில்லை. ஆந்தை மெய்யாகவே இருந்து காகம் வராமல் போனால் இழப்பு பெரிது; வந்து பார்த்து அது பொய் என்று தெரிந்தால் இழப்பு சிறிது, துப்பாக்கி என்ற ஒன்று நடுவில் வராதவரை.

வாத்து வேட்டையில் ஒலிக்கருவி கூடாது, காகத்துக்கு மட்டும் கூடும் என்று படித்தேன். இந்த ஓரவஞ்சனை ஏன்?
— வ. ரா., மதுரை

வரலாறுதான் காரணம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியிலும் அதற்குச் சற்றுப் பின்னும் அமெரிக்காவில் வாத்துகளைச் சந்தைக்காகக் கணக்கின்றிக் கொன்று தீர்த்தார்கள். பழக்கிய உயிர் வாத்துகளை நீரில் கட்டிவைத்துப் பார்வைப் பறவையாகப் பயன்படுத்தும் முறை அதில் பெரும்பங்கு வகித்தது. 1935-இல் உயிருள்ள பார்வைப் பறவைகளுக்குத் தடை வந்தது. பதிவு செய்த குரலுக்கும் மின்சாரத்தால் பெருக்கிய குரலுக்கும் பின்னர் அதே கதி நேர்ந்தது. வேட்டைக்காரருக்குக் கிடைக்கும் ஆதாயம் மிதமிஞ்சிப் போனால் பறவை மிஞ்சாது என்பது அதன் தர்க்கம். மரத்தாலும் பிளாஸ்டிக்காலும் ஆன வாத்துப் பொம்மைகளுக்கும் வாயால் ஊதும் குழலுக்கும் இன்றும் தடையில்லை.

இந்தத் தடைகள் வாத்து, புறா, கொக்கு, உள்ளான் முதலிய குடும்பங்களைச் சேர்ந்த, வேட்டைப் பறவைகள் என்று வரையறுக்கப்பட்டவற்றுக்கு மட்டுமே பொருந்தும். காகம் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறதே தவிர, அந்த வரையறைக்குள் இல்லை. அதனால் ஒலிக்கருவியைக் குறித்து நடுவண் அரசு வாய் திறக்கவில்லை. முடிவு மாநிலங்களிடம் விடப்பட்டது. பென்சில்வேனியா அனுமதிக்கிறது. வெண்ணிற வாத்து வகைகள் ஆர்க்டிக் நிலத்தையே மேய்ந்து அழிக்கும் அளவுக்குப் பெருகியபோது, 1999 முதல் அவற்றுக்கும் ஒலிக்கருவியை அனுமதித்தார்கள். எந்தப் பறவை மிகுந்துவிட்டது என்று மனிதர் கருதுகிறாரோ அதற்கு நியாய விளையாட்டு விதி தளர்கிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

பிரிட்டனில் கதை வேறு. அங்கே 1981-ஆம் ஆண்டின் காட்டுயிர்ச் சட்டம், பறவையைக் கொல்வதற்காகப் பதிவு செய்த ஒலியை ஈர்ப்பாகப் பயன்படுத்துவதையே பொதுவாகத் தடை செய்கிறது. பயிரையும் ஆட்டுக்குட்டிகளையும் காக்கப் பொது உரிமத்தின்கீழ்க் காகத்தைச் சுடலாம், பொம்மை வைக்கலாம். லார்சன் பொறி என்னும் கூண்டுக்குள் உயிருள்ள காகம் ஒன்றை வைத்து மற்றவற்றைப் பிடிக்கவும் அனுமதி உண்டு. உயிருள்ள காகத்தைக் கூண்டில் வைக்கலாம், அதன் குரலைக் கருவியில் வைக்கக் கூடாது. அமெரிக்கச் சட்டமோ வாத்து விஷயத்தில் இரண்டையும் சேர்த்தே தடுக்கிறது. இரு நாட்டுச் சட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், எது அறம் என்பதை அந்தந்த ஊர்ப் பழக்கமே தீர்மானித்திருக்கிறது என்று தோன்றும்.

காகங்கள் பயிரை அழிக்கின்றன, ஆகவே வேட்டை தேவை என்று சொல்கிறார்கள். இப்படிச் சுடுவதால் காகங்கள் குறைகின்றனவா?
— மு. செ., ஈரோடு

குறைவதில்லை. காகத்தைக் குறைக்க இதைவிடப் பன்மடங்கு கொடூரமான வழிகளை அமெரிக்கர்கள் முயன்று பார்த்தாகிவிட்டது. 1930களிலும் 1940களிலும் குளிர்காலத்தில் லட்சக்கணக்கில் காகங்கள் அடையும் தோப்புகளில் பகலில் வெடிகளைக் கட்டி வைத்து, இரவில் ஒரே நேரத்தில் வெடிக்கச் செய்தார்கள். 1940-இல் இல்லினாயின் ராக்ஃபோர்ட் அருகே ஒரே தோப்பில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட காகங்கள் இறந்ததாகப் பதிவு இருக்கிறது. ஓக்லஹோமாவில் இது ஆண்டுதோறும் நடந்தது. அத்தனைக்குப் பிறகும் காகங்களின் மொத்தத் தொகை சரியவில்லை.

ஒலிக்கருவியோடு வார இறுதியில் போகிறவர்கள் அதைச் சாதிக்க முடியாது. காகக் கூட்டத்தை மெய்யாகவே ஆட்டம் காண வைத்தது 1999-இல் நியூயார்க்கில் நுழைந்த வெஸ்ட் நைல் வைரஸ். கொசு பரப்பும் அந்த நோய் தொற்றிய அமெரிக்கக் காகங்களில் அனேகமாக எல்லாமே இறந்தன.

பயிர்ச்சேதம் கற்பனை அல்ல. முளைவிட்ட மக்காச்சோளத்தைப் பிடுங்கித் தின்பதும், பீக்கன் கொட்டைத் தோட்டங்களில் புகுந்து கொள்ளையடிப்பதும் விவசாயிக்கு உண்மையான இழப்புகள். ஆனால் அமெரிக்க வேளாண் துறைக்காகக் கால்ம்பாக் என்பவர் ஏராளமான காக இரைப்பைகளை ஆராய்ந்து 1918-இல் வெளியிட்ட அறிக்கையிலேயே, சோளம் தின்னும் அதே காகம் வெட்டுக்கிளிகளையும் வண்டுப் புழுக்களையும் பெருமளவில் தின்கிறது என்ற கணக்கும் சேர்ந்தே இருந்தது. மேலும், பயிரைத் தாக்கும் காகத்தைச் சுட வேட்டைப் பருவமே வேண்டியதில்லை. பயிர், கால்நடை முதலியவற்றுக்குச் சேதம் செய்யும் காகங்களைத் தனி அனுமதியின்றியே அகற்ற வேறோர் ஆணை இருக்கிறது. அதன்படி உயிர்க்கொலையற்ற வழிகளை முதலில் முயல வேண்டும். துப்பாக்கி என்றால் பொதுவாக நஞ்சற்ற, அதாவது ஈயமில்லாத, ரவையையே பயன்படுத்த வேண்டும்.

ஆகவே, முளைப்பயிர் இல்லாத சனவரி மாதத்து உறைபனியில் ஆந்தை பொம்மையோடு உட்கார்ந்திருப்பவர் விவசாயிக்கு உதவுவதாகச் சொன்னால் அதை நம்ப வேண்டியதில்லை. வாத்துப் பருவமும் மான் பருவமும் முடிந்த பிறகு கை சும்மா இருக்கவில்லை, கடினமான இலக்கு, பையில் வைக்க எண்ணிக்கை வரம்பும் பெரும்பாலும் கிடையாது, அதனால் போகிறேன் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பேச்சில் எனக்கு மரியாதை உண்டு.

சுட்ட காகங்களைச் சாப்பிடுவார்களா?
— பெயர் குறிப்பிடாத வாசகர், சேலம்

மிகச் சிலர் நெஞ்சுக் கறியை மட்டும் எடுத்துச் சமைக்கிறார்கள். பெரும்பாலோர் சாப்பிடுவதில்லை. இந்த வேட்டையை எதிர்க்கிற மற்ற வேட்டைக்காரர்களின் முதல் குற்றச்சாட்டும் அதுவே.

நகரங்களில் காகங்களை விரட்டவும் இதே ஒலிகளைப் பயன்படுத்துகிறார்களாமே? வரவழைக்கும் ஒலி எப்படி விரட்டும்?
— நி. க., சென்னை

நல்ல கேள்வி. நியூயார்க் மாநிலத்தின் ஆபர்ன், பென்சில்வேனியாவின் லான்காஸ்டர் போன்ற ஊர்களில் குளிர்காலத்தில் பல்லாயிரம் காகங்கள் வந்து அடைகின்றன. மரத்தடியில் நிறுத்திய வண்டிகள் வெள்ளையாகிவிடும். ஊருக்குள் சுட முடியாது என்பதால் வாணவெடி, லேசர் கற்றை, அபயக் குரல் ஒலிபரப்பு ஆகியவற்றைக் கையாளுகிறார்கள்.

அபயக் குரல் காகத்துக்குச் சொல்வது, இங்கே நம்மவன் ஒருவன் பிடிபட்டிருக்கிறான் என்பதை. பகல் வெளிச்சத்தில், தைரியமான நேரத்தில், அது வந்து பார்க்கும், எதிரியை விரட்ட முயலும். அந்தி மயங்கி, எங்கே பாதுகாப்பாகத் தூங்கலாம் என்று தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் அதே குரல் கேட்டால், இந்த மரம் தூங்குவதற்கு ஆகாது என்று முடிவு செய்துகொண்டு வேறிடம் போகும். வேட்டைக்காரர் பொழுது விடிந்ததும் போடுகிற ஒலியை நகராட்சிக்காரர் பொழுது சாய்கையில் போடுகிறார், வேறுபாடு அவ்வளவுதான். ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சில நாட்கள் தொடர்ந்து, இடத்தை மாற்றி மாற்றிச் செய்யாவிட்டால், ஒலிபெருக்கி யாரையும் கடிப்பதில்லை என்பதைக் காகங்கள் கண்டுகொள்ளும்.

இந்தியாவில் காகத்தைச் சுடலாமா?
— கோ. பா., விழுப்புரம்

1972-ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் எலி, பழந்தின்னி வௌவால் ஆகியவற்றோடு ஊர்க்காகமும் ஐந்தாம் அட்டவணையில், தீங்குயிராக வைக்கப்பட்டிருந்தது. அதைக் கொல்வது அப்போது குற்றமன்று. 2022-இல் நிறைவேறி 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தம் அந்த அட்டவணையையே நீக்கிவிட்டது. ஆகவே பழைய நினைப்பில் யாரும் காற்றுத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டாம்.

நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். அலுவலக நண்பர் ஒருவர் காக வேட்டைக்குக் கூப்பிடுகிறார். போகலாமா? மனம் ஒப்புமா என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். சட்டத்தை மட்டும் சொல்லுங்கள்.
— ர. வி., எடிசன், நியூ ஜெர்சி

சட்டத்தை மட்டுமே சொல்கிறேன். குடியேற்ற உரிமை இல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது அமெரிக்க நடுவண் சட்டப்படி குற்றம். நண்பருடைய துப்பாக்கியை ஒரு நிமிடம் வாங்கிப் பார்ப்பதும் வம்பில் முடியலாம். இதற்குள்ள விலக்குகளில் ஒன்று, அமெரிக்க மாநிலம் ஒன்று வழங்கிய செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது. அந்த உரிமத்தை முதல்முறை வாங்குகிறவர் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி வகுப்பை முடித்திருக்க வேண்டும் என்பதே பெரும்பாலான மாநிலங்களின் விதி. நியூ ஜெர்சியின் துப்பாக்கி விதிகள் அந்நாட்டிலேயே கடுமையானவற்றுள் அடங்கும் என்பதால், போவதற்கு முன் வழக்கறிஞர் ஒருவரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். விசாவைப் பறிகொடுக்கும் அளவுக்கு எந்தக் காகமும் பெறுமதி உள்ளதன்று.

வெறுமனே உடன் சென்று பார்ப்பதாக இருந்தாலும், பறவையை அடையாளம் காணப் பழகிக்கொண்டு போங்கள். அங்குள்ள காகம் நம் வீட்டுக் காகம்போல் கழுத்துச் சாம்பலாக இருக்காது. அண்டங்காக்கையைப்போல் முழுக் கறுப்பு. அதைவிடப் பெரியதாய், தொண்டையில் தாடிபோல் சிலிர்த்த இறகோடு, பறக்கும்போது வால் ஆப்பு வடிவில் தெரியும் ரேவன் என்னும் பறவையும் அதே வானத்தில் பறக்கும். சண்டை ஒலியைக் கேட்டு அதுவும் வரலாம். காகத்துக்கான வேட்டைப் பருவம் ரேவனுக்குப் பொருந்தாது. சுட்டால் அது நடுவண் அரசின் வழக்கு.